பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குடிமராமத்து

குடிமராமத்து என்பது ஏரி, குளம், வாய்க்கால் முதலிய நீர்நிலைகளை, அவற்றால் பயன்பெறும் ஊர்மக்களே ஒன்றுகூடிப் பராமரிக்கும் வழக்கம் ஆகும். தமிழகம் முழுவதும் இருந்த இவ்வழக்கம், ஏரிகளையும் கிணறுகளையும் பெரிதும் சார்ந்து வேளாண்மை நடைபெறும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிறப்பான முக்கியத்துவம் கொண்டது. ஏரியைப் பேணும் கடமையும், ஏரியிலிருந்து கிடைக்கும் பயன்களின் மீதான உரிமையும் ஒரே ஊராரிடம் இருந்த வரையில் குடிமராமத்து இயல்பாக நடைபெற்றது. உரிமை ஊராரை விட்டு நீங்கியபோது கடமையும் படிப்படியாக மறைந்தது. சட்டம், அரசு நிதி ஆகியவற்றின் துணையுடன் இவ்வழக்கத்தை மீட்க 19ஆம் நூற்றாண்டு முதல் முயற்சிகள் நடைபெற்று வந்துள்ளன.

சொற்பொருள்

குடி என்பது ஊரில் வாழும் உழவர் குடிகளைக் குறிக்கும் தமிழ்ச்சொல். மராமத்து என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். பழுது பார்த்தல் என்பது இதன் பொருள். எனவே குடிமராமத்து என்பது குடிகள் செய்யும் பழுதுபார்ப்பு எனப் பொருள்படும். பொதுப்பணித் துறையும் முற்காலத்தில் மராமத்து இலாகா என்றே அழைக்கப்பட்டது. சொல் பிற்காலத்தது எனினும், அது குறிக்கும் வழக்கம் சோழர் காலத்துக்கும் முற்பட்டது.

நிலமும் நீரும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001ஆம் ஆண்டு அரியலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் இப்பகுதியின் எல்லைகளாக அமைந்துள்ளன. மேற்கே பச்சைமலை உள்ளது. மருதையாறு இப்பகுதியின் ஊடாகப் பாய்ந்து கொள்ளிடத்தில் கலக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை நிலமாகும். இத்தகைய பாறையில் நிலத்தடி நீர் குறைவாகவே தங்கும். ஆகவே மழைநீரை மண்ணின் மேலேயே தேக்கி வைக்கும் ஏரி, நேரடிப் பாசனத்துக்கு மட்டுமன்றிக் கிணறுகளின் ஊற்றுக்கும் ஆதாரமாகிறது. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர், லாடபுரம் முதலிய ஊர்களின் ஏரிகள் மலையிலிருந்து வரும் நீரைப் பெறுகின்றன. கிழக்கே அரியலூர்ப் பகுதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்து படிவுப் பாறைகளாக மாறிய நிலமாகும். இங்குச் சுண்ணாம்புக்கல் மிகுதியாக இருப்பதால் பல சிமெண்ட் ஆலைகள் அமைந்துள்ளன. திறந்தவெளிச் சுரங்கங்களும் சாலைகளும் பெருகிய இத்தகைய நிலத்தில், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால்களைக் காப்பது ஏரியைக் காப்பதற்கு இணையான பணியாகும்.

இரு மாவட்டங்களும் ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெறுகின்றன. சில வாரங்களில் கொட்டும் மழையை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க வேண்டியிருப்பதே இங்கு ஏரிகள் தோன்றியதற்குக் காரணம் ஆகும்.

ஏரியின் அமைப்பு

ஏரி என்பது தாழ்வான நிலத்தின் குறுக்கே மண்ணால் கரை எழுப்பி அமைக்கப்படும் நீர்த்தேக்கம். இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

வரத்து வாய்க்கால்: நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஏரிக்கு நீர் கொண்டுவருவது.
கரை: நீரைத் தேக்கும் மண் அணை.
மதகு: தேங்கிய நீரைத் தேவையான அளவு வயலுக்குத் திறந்துவிடும் வாயில்.
கலிங்கு: ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் கட்டுமானம்.
ஆயக்கட்டு: அவ்வேரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு.

பெரும்பாலான ஏரிகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இதனைச் சங்கிலித் தொடர் ஏரிகள் என்பர். தொடரில் மேலே உள்ள ஓர் ஏரியின் கரை உடைந்தால் கீழே உள்ள ஏரிகளும் ஒவ்வொன்றாக உடையக்கூடும். மேலே உள்ள ஊர் தன் கலிங்கை உயர்த்திக் கட்டினால் கீழே உள்ள ஊருக்கு நீர் குறையும். ஆகவே ஏரிப் பராமரிப்பு ஓர் ஊரின் பணியாக மட்டும் அமையாமல், ஊர்களுக்கிடையேயான உடன்பாடாகவும் அமைகிறது.

பராமரிப்பின் தேவை

மழைநீருடன் வரும் மண் ஆண்டுதோறும் ஏரியின் அடியில் வண்டலாகப் படிகிறது. இதனால் கொள்ளளவு குறைகிறது, மதகு அடைபடுகிறது. மழையால் கரையில் அரிப்பு ஏற்படுகிறது. வாய்க்கால்களில் புதர் மண்டுகிறது. இவை ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டே சரிசெய்யப்பட்டால் சிறு வேலைகளே. பல ஆண்டுகள் விடப்பட்டால் பெரும் வேலைகளாகின்றன.

இதனை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஓர் ஏரியில் ஒரு அடி உயரத்துக்கு வண்டல் படிந்துள்ளது எனக் கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 1,23,000 கன மீட்டர் ஆகும். ஒரு டிராக்டர் ஒரு நடைக்கு 3 கன மீட்டர் மண் எடுத்துச் செல்லும் எனில், இதனை அகற்ற 41,000 நடைகள் தேவைப்படும். இதனை ஒரே கோடையில் செய்து முடிப்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. மாறாக, ஆயக்கட்டு உழவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சில வண்டி வண்டலைத் தம் வயலுக்கு எருவாக அடித்துச் சென்றால், படியும் மண்ணின் பெரும்பகுதி தனிச் செலவின்றியே அகற்றப்பட்டுவிடும். நுண்ணிய களிமண்ணும் மட்கிய பொருள்களும் கொண்ட வண்டல், வயலின் நீர்ப்பிடிப்பை உயர்த்தும் நல்ல உரமாகும். ஏரியைத் தூர்வாருதலும் வயலுக்கு உரமிடுதலும் ஒரே வேலையாக இருந்தமையே குடிமராமத்தின் பொருளியல் அடிப்படை எனலாம்.

எனினும் ஏரியை ஆழமாகத் தோண்டுவது எப்போதும் நன்மை தருவதில்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. மேலும், அடியில் உள்ள களிமண் அடுக்கு வெட்டி எடுக்கப்பட்டால் நீர் தேவைக்கு மேல் கசிந்துவிடும். எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதை அறிந்து செய்வதே முறையான தூர்வாருதல் ஆகும்.

ஊர் ஏற்பாடு

மரபான குடிமராமத்துப் பணிகள் கோடையில், ஏரி வற்றியிருக்கும் காலத்தில் நடைபெற்றன. ஆயக்கட்டில் ஒருவருக்கு உள்ள நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும் அல்லது அதற்கு ஈடான பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வாய்க்கால் வெட்டுதல், கரையின் அரிப்பை அடைத்தல், புதர் நீக்குதல், மதகைச் சீர்செய்தல் ஆகியவை இதில் அடங்கும். பெரிய கட்டுமான வேலைகளை அரசனோ நிலக்கிழாரோ பிற்காலத்தில் அரசோ ஏற்றனர்.

நாள்தோறும் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் பணியை நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி எனப்படுவோர் செய்தனர். இவர்களுக்கு அறுவடையின்போது நெல்லாகக் கூலி அளக்கப்பட்டது. நீர் குறைந்த ஆண்டுகளில் முறைப்பாசனம் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது.

ஏரியிலிருந்து ஊருக்குப் பல வருவாய்களும் இருந்தன. மீன் பிடிப்பு, கரையில் உள்ள பனை முதலிய மரங்களின் பயன், புல், வண்டல் மண் ஆகியவை இவற்றுள் சில. இவற்றின் ஒரு பகுதி ஊர்ப்பொதுவில் சேர்ந்து ஏரிக்கே செலவிடப்பட்டது.

வரலாறு

சோழர் காலம்

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. தூர்வாருவதற்கென அறக்கொடை அளித்த செய்திகளும் கல்வெட்டுகளில் உள்ளன. இவற்றின் மூலம், ஏரிப் பராமரிப்புக்கு நிலையான வருவாயும் பொறுப்பான குழுவும் அக்காலத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தமை தெரிகிறது.

அரியலூர் மாவட்டத்தில் சோழர் காலத்து நீர்நிலைகள் பல உள்ளன. கண்டராதித்த சோழனின் பெயரைத் தாங்கிய கண்டராதித்தம் என்ற ஊரின் பேரேரி, அவன் தேவியான செம்பியன் மாதேவியின் பெயரால் வழங்குகிறது. முதலாம் இராசேந்திர சோழன் கங்கை வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கம் இவற்றுள் மிகப் பெரியது. இதனை நீரால் ஆன வெற்றித் தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வருணிக்கின்றன. இன்று இது பொன்னேரி எனவும் அழைக்கப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, இவ்வேரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீளம் கொண்டிருந்ததாகவும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள வாய்க்கால் மூலமும் வெள்ளாற்றிலிருந்து மற்றொரு வாய்க்கால் மூலமும் நீர் பெற்றதாகவும் கூறுகிறது. அக்குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி தூர்ந்து காடு மண்டிக் கிடந்தது. பேரரசின் வலிமையால் கட்டப்பட்ட ஏரியும், தொடர்ந்து பேணும் ஏற்பாடு இல்லாதபோது நிலைக்காது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பிரித்தானிய ஆட்சிக் காலம்

இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வோர் உழவரிடமும் தனித்தனியே வரி வசூலித்தது. ஊர் என்ற பொது அமைப்பு வருவாய் நிருவாகத்தில் தன் இடத்தை இழந்தது. ஏரிகளுக்கென விடப்பட்டிருந்த மானியங்கள் பலவும் காலப்போக்கில் அரசு வருவாயுடன் சேர்க்கப்பட்டன அல்லது தனியார் நிலங்களாயின. 1850களில் உருவான பொதுப்பணித் துறையிடம் பெரிய நீர்நிலைகள் சென்றன.

ஊரார் முன்போல் வேலை செய்யவில்லை என்ற முறையீடு அதிகாரிகளிடையே எழுந்தது. இதன் விளைவாக 1858ஆம் ஆண்டில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறியவர்கள், அவ்வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என இச்சட்டம் கூறியது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து நேரும்போது உடலுழைப்பாளர்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும் இது வழிவகுத்தது. ஆயினும் சட்டத்தால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. ஊர்ப்பொதுவின் வருவாயை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் வற்புறுத்தியமையே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1883ஆம் ஆண்டு அரசே ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

இப்பகுதியில் உடையார்பாளையம், அரியலூர் முதலிய பாளையங்களும் அவற்றின் வழிவந்த சமீன்களும் இருந்தன. அவற்றின் ஏரிகள் சமீன்தார்களின் பொறுப்பில் இருந்தன. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இத்தகைய ஏரிகள் அரசின் பொறுப்புக்கு வந்தன.

விடுதலைக்குப் பின்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 100 ஏக்கருக்கு (40 எக்டேர்) மேற்பட்ட ஆயக்கட்டு கொண்டவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. பொதுப்பணித் துறையிடம் இருந்தவை 2021ஆம் ஆண்டு முதல் தனித்துறையான நீர்வளத் துறையின் கீழ் உள்ளன. நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடமும், மரங்கள் வனத்துறை அல்லது ஊராட்சியிடமும், மீன்பிடி குத்தகை மீன்வளத் துறை அல்லது ஊராட்சியிடமும் எனப் பொறுப்பு பலவாறாகப் பிரிந்தது. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் பல ஏரிகளின் உட்பரப்பில் கருவேல மரங்கள் நடப்பட்டன. சீமைக் கருவேலமும் பரவியது.

இதே காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் மின் இறைவைகளும் பெருகின. 1990ஆம் ஆண்டு உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு ஏரியைப் பேணுவதில் ஆர்வம் குறைந்தது. கிணறு இல்லாதவரால் தனியே பேண இயலவில்லை. 1960களில் ஏறத்தாழ 9 லட்சம் எக்டேராக இருந்த தமிழ்நாட்டின் ஏரிப்பாசனப் பரப்பு, 2000களில் 5 லட்சம் எக்டேர் அளவுக்குக் குறைந்தது. கிணற்று நீரும் ஏரியின் ஊற்றாலேயே நிரம்புகிறது என்பதால், ஏரி தூர்ந்தபோது கிணறுகளும் ஆழமாக்கப்பட வேண்டியதாயிற்று.

மீட்பு முயற்சிகள்

பாசன அமைப்புகளை உழவர்களே நிருவகிக்க வகைசெய்யும் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டு கொண்டுவந்தது. இதன் கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டமாக 30 மாவட்டங்களில் 100 கோடி ரூபாய் செலவில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது விதி. 2019–20ஆம் ஆண்டில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய்க்கு 1,829 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2020–21 வரை இத்திட்டம் தொடர்ந்தது. உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் அனுமதியும் 2017ஆம் ஆண்டு எளிதாக்கப்பட்டது.

அரியலூர் மாவட்டத்தின் சோழர் கால ஏரிகளைச் சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் பாட்டாளி மக்கள் கட்சியின் தலைவர் அன்புமணி இராமதாசு இக்கோரிக்கையை முன்வைத்து நடைப்பயணம் மேற்கொண்டார். 2025ஆம் ஆண்டு சூலையில் சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கரைவெட்டி ஏரி

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி ஏரி, காவிரி நீரைக் கொண்டுவரும் புள்ளம்பாடி வாய்க்கால் மூலம் நிரம்பும் பாசன ஏரியாகும். 453.7 எக்டேர் பரப்புள்ள இது, தமிழ்நாட்டின் பெரிய உள்நாட்டு நீர்ப்பறவை வாழிடங்களுள் ஒன்று. மைய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்குத் தங்குகின்றன. இது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இச்செய்தி 2024ஆம் ஆண்டு சனவரியில் அறிவிக்கப்பட்டது.

காப்பகத்தில் மண் எடுப்பதற்கும் மரம் வெட்டுவதற்கும் வனத்துறையின் இசைவு தேவை. உழவருக்கு நீர் வயலுக்குப் பாய வேண்டும். பறவைகளுக்கு ஏரியில் நீர் நிற்க வேண்டும். ஆகவே ஏரியின் நீர்மட்டம், தூர்வாரும் பகுதி, காலம் ஆகியவற்றை ஊராரும் வனத்துறையும் நீர்வளத் துறையும் கலந்து முடிவு செய்தாலன்றி இரு தேவைகளும் நிறைவேறா. பறவைகளுக்கு உகந்த இந்த ஈரநிலம், மனிதர் வெட்டிப் பேணிய பாசன ஏரியே என்பது குறிப்பிடத்தக்கது. வாய்க்கால் தூர்ந்தால் உழவரோடு பறவைகளும் ஏரியை இழக்கும்.

பிற இடங்களில்

இலங்கையில் ஏரிப் பராமரிப்பு இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழிய முறையுடன் இணைந்திருந்தது. 1830களில் அம்முறை நீக்கப்பட்டபின் உலர் வலயக் குளங்கள் பல பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1856ஆம் ஆண்டின் பாசனச் சட்டம், நில உடைமையாளர்களின் ஒப்புதலுடன் பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. இராசத்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 1985 முதல் தருண் பாரத் சங்கம் ஊர்மக்களின் பங்கேற்புடன் சோகடு எனப்படும் சிறு தடுப்பேரிகளை மீட்டது. இதற்காக இராசேந்திர சிங் 2001ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார்.

தமிழ்நாட்டில் 1992 முதல் மதுரையை மையமாகக் கொண்டு வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசன உழவர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியில், 2018ஆம் ஆண்டின் கஜா புயலுக்குப் பின் உள்ளூர் இளைஞர்களும் உழவர்களும் கைஃபா என்ற அமைப்பை உருவாக்கி, 2019ஆம் ஆண்டு அவ்வூரின் பெரிய ஏரியை மக்களின் நன்கொடையுடன் தூர்வாரினர்.

விமர்சனங்கள்

பழைய குடிமராமத்தைச் சமத்துவமான கூட்டுழைப்பாக மட்டும் காண்பது சரியன்று எனச் சமூக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். நிலமுடையோர் தாமே இறங்காமல், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களை வேலைக்கு அனுப்பினர். நீர்க்கட்டிப் பணியும் பல ஊர்களில் அம்மக்களிடமே இருந்தது. ஆனால் நீரின் பயன் நிலமுடையோருக்கே சென்றது. இன்றைய பாசனச் சங்கங்களிலும் உறுப்புரிமை நிலத்தின் அடிப்படையில் அமைவதால், ஆடுமாடு மேய்ப்போர், மீன் பிடிப்போர், நிலமற்ற தொழிலாளர், தம் பெயரில் நிலம் இல்லாத பெண்கள் ஆகியோருக்கு ஏரி பற்றிய முடிவுகளில் இடம் குறைவு.

2017ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பற்றியும் விமர்சனங்கள் எழுந்தன. சில இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை செய்தனர் என்றும், வண்டல் என்ற பெயரில் மண் விற்பனைக்கு எடுக்கப்பட்டது என்றும் உழவர் அமைப்புகள் குறை கூறின. ஒருமுறை தூர்வாரிய ஏரியை அடுத்த ஆண்டு யார் பேணுவது என்பதற்கு அரசு நிதியால் மட்டும் விடை காண இயலாது.

குடிமராமத்தின் நிலைத்த தேவைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, ஊர் ஏரிக் குழு ஒன்று நிலைப்பதற்குச் சில தேவைகள் புலப்படுகின்றன. ஏரியின் எல்லை அளந்து கல் நடப்பட்டிருத்தல். மீன், மரம் ஆகியவற்றின் வருவாயில் ஒரு பங்கு அந்த ஏரிக்கே ஒதுக்கப்படுதல். வண்டலை ஆண்டுதோறும் எளிதாக எடுக்க இயலுதல். தொடரில் உள்ள மேல் ஏரி, கீழ் ஏரி ஊர்களும் குழுவில் இடம்பெறுதல். நிலமற்றோருக்கும் கருத்துக் கூறும் உரிமை இருத்தல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஊராட்சிகளில் கூடும் கிராம சபை, இவற்றை முன்வைத்துத் தீர்மானம் இயற்றுவதற்கு உரிய மன்றமாகும்.